தவளைக்கு ஐப்பசி வேண்டும்

வெங்கடலட்சுமி ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். ஆனால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு ஈ காக்கா திரும்பாது. 'தவளை டீச்சர்' என்று சொல்லிப் பாருங்கள், பூக்காரம்மா முதல் டைம் கீப்பர் வரை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பேர் சும்மா வரவில்லை. பங்குனி மாசம் செய்முறைத் தேர்வு. தவளையை அறுத்து உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது பாடத்திட்டம். நம் பக்கத்துத் தவளைகளோ ஐப்பசி மழைக்குத்தான் முகம் காட்டும். மழை நின்றதும் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். பங்குனியில் பரளச்சிக் கண்மாயைத் தோண்டினால் வெடிப்புக்குக் கீழே இன்னொரு வெடிப்புதான் கிடைக்கும். பாடத்திட்டம் எழுதிய பெரியவர்கள் ஏதோ நல்ல மழை வருஷத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அதனால் வருஷா வருஷம் வெங்கடலட்சுமி வத்திராயிருப்புக்குப் போவாள். அங்கே கிணற்றுப் பாசனம், நெல் வயல், தவளைக்குக் குறைவில்லை. பிடித்து, நனைத்த சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறி ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

"டீச்சரம்மா, சாக்குல என்ன?" என்பார் கண்டக்டர்.

"கீரை."

சாக்கு ஒரு துள்ளு துள்ளும்.

"கீரை குதிக்குது?"

"வத்திராயிருப்புக் கீரை அப்படித்தான்."

"அப்ப அதுக்கும் சேத்து டிக்கெட்டு எடுங்க. குதிக்கிறதெல்லாம் பாசஞ்சருதான்."

சிரிப்பாகத்தான் இருக்கும், கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை. அதன்பிறகு ஜன்னல் வழியாக வருவது காற்றில்லை, அடுப்பு. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அவள் சாக்கின்மேல் ஊற்றிவிட்டு வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருப்பாள். அப்படியும் விருதுநகர் வருவதற்குள் பாதிக்குப் பாதி அடங்கிப்போகும். எப்படியும் அறுபடப் போகிற தவளைதானே என்று கண்டக்டர் ஆறுதல் சொல்வார். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை. மிஞ்சியதை வீட்டுச் சாயத் தொட்டியில் விடுவாள். நூல் நனைக்கிற தொட்டிக்குள் இருந்து கச்சேரி கேட்கும். நெசவாளர் தெரு முழுக்கத் தெலுங்கில் திட்டும். அம்மா மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "காலேஜு உத்தியோகம்னா சும்மாவா?" என்று பெருமையாகச் சொல்வாள்.

இதெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். நரிக்குடிப் பையன் சக்திகுமாருக்கு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பங்குனியில் உயிரோடு வந்த தவளை போதவில்லை. அவன் பங்குக்கு விழுந்தது வழியிலேயே காய்ந்துபோன ஒன்று. வெளியூர்த் தேர்வாளர் குனிந்து பார்த்து, "இதயம் எங்கப்பா துடிக்குது?" என்று கேட்டார்.

"என்னுதுதான் சார் துடிக்குது," என்றான் சக்திகுமார்.

உண்மையைச் சொன்னவனுக்கு மார்க் போடும் வழக்கம் பல்கலைக்கழகத்தில் கிடையாது. பெயிலாகிவிட்டான். இத்தனைக்கும் கத்தி பிடிப்பதில் அவனைப்போல் ஒருவன் அந்த வகுப்பிலேயே இல்லை.

எண்பத்தொன்பதில் கல்லூரிக்குத் தன்னாட்சி வந்தது. இனி பாடத்திட்டத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். வெங்கடலட்சுமி அன்றைக்கே முடிவு பண்ணினாள்: தவளையை ஐப்பசிக்கு மாற்றிவிட வேண்டும். பங்குனிக்குக் கரப்பான் பூச்சி. ஹாஸ்டல் சமையற்கட்டு இருக்கிறவரை அதற்குத் தட்டுப்பாடு வராது.

ஒரே ஒரு இடைஞ்சல். விலங்கியல் பிள்ளைகள் துணைப்பாடமாக வேதியியலும் படிக்க வேண்டும். ஐப்பசி வருகிற அந்த அரையாண்டின் மதியங்களையெல்லாம் வேதியியல் ஆய்வகம் எடுத்துக்கொண்டிருந்தது. வேதியியல் துறைத் தலைவர் நவநீதகிருஷ்ணன். பாடத்திட்டத்தை முடிவு செய்கிற கல்விக்குழுவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் பயந்தவர்கள்.

முதல் வருஷம் அவள் கல்விக்குழுவில் எழுந்து நின்று தவளை விஷயத்தைச் சொன்னாள். நவநீதகிருஷ்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஐப்பசி மதியத்தைத் தர முடியாது," என்றார். முடிந்தது.

அந்தக் குழுவின் நடைமுறை தெரிந்தால்தான் மேற்கொண்டு புரியும். கூட்டத்தின் நடுவில் கேன்டீன் சின்னச்சாமி ஆமவடையும் டீயும் கொண்டுவருவார். அவருடைய ஆமவடையைக் கடித்தால் உடனே விழுங்க முடியாது, மெல்ல வேண்டும், மேலும் மெல்ல வேண்டும். முதல்வர் சங்கரபாண்டியன் விவரமானவர். சண்டை வரும் என்று தெரிந்த பொருளையெல்லாம் வடை வரும்வரை தள்ளிப்போடுவார். எல்லார் வாயும் நிறைந்ததும், "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். பதில் வராது. "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதிக்கொள்வார். அந்தக் கல்லூரியின் முக்கியமான முடிவுகள் அத்தனையும் பருப்பும் சோம்பும் மணக்க எடுக்கப்பட்டவை.

அடுத்த ஐப்பசிக் கூட்டத்துக்கு முன்னால் வெங்கடலட்சுமி நேரே கேன்டீனுக்குப் போனாள்.

"அண்ணே, இன்னைக்கு வடையைக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டாங்க. என் பேரை முதல்வர் கூப்பிட்டதும் உள்ள வரணும்."

சின்னச்சாமி கரண்டியை நிறுத்தினார். "யாரோட வாயை அடைக்கணும் தாயி?"

"கெமிஸ்ட்ரி சாரு வாயை."

"அவுகளுக்கா? அப்ப வடையைக் கொஞ்சம் கனமாவே தட்டுறேன்."

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். முதல்வர், "அடுத்து, விலங்கியல் துறை" என்றதும் கதவு திறந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, உள்ளே தட்டு சுற்றியது. தமிழ்த் துறை கடித்தது. வணிகவியல் இரண்டாவதை எடுத்தது. தட்டு நவநீதகிருஷ்ணனிடம் வந்தது. அவர் கையால் தள்ளிவிட்டார்.

"கந்த சஷ்டி. விரதம்."

முருகன் இப்படிக் காலை வாருவான் என்று வெங்கடலட்சுமி எதிர்பார்க்கவில்லை. பதற்றத்தில் அவளும் வடையைத் தொடவில்லை. ஆக, அந்த அறையில் பேசக்கூடிய வாய் இரண்டே இரண்டுதான் மிச்சம்.

"ஏம்மா, போன வருசமே சொன்னேன்ல," என்றார் அவர். "ஐப்பசி மதியத்தைத் தர முடியாது."

"ஏன் சார் முடியாது?"

அப்படி ஒரு கேள்வியை அந்தக் குழுவில் யாரும் கேட்டதில்லை. பொருளியல்காரர் தடுக்கப் பார்த்தார், வாயில் வடை. கையை மட்டும் ஆட்டினார்.

"ஏனா? தண்ணியம்மா, தண்ணி! பங்குனியில நம்ம போர்ல வர்றது உப்பு. அதை வச்சுக் கண்ணாடிச் சாமானைக் கழுவினா எந்தச் சோதனையும் சரியா வராது. தன்னாட்சி வர்ற வரைக்கும் பங்குனி பூரா மல்லாங்கிணறுல இருந்து டிவிஎஸ் பிப்டியில கேனைக் கட்டி நல்ல தண்ணி கொண்டாந்தவன் நான். பசங்க எனக்கு என்ன பேரு வச்சிருந்தானுக தெரியுமா? தண்ணி லாரி!"

வணிகவியலுக்குப் புரையேறியது. அவரும் அந்தப் பசங்களில் ஒருவர்.

"சாக்குல தவளையைக் கட்டி வத்திராயிருப்புல இருந்து நான் தூக்கிட்டு வாரேன் சார்," என்றாள் அவள். "ரெண்டு பஸ்ஸு. பாதி வழியிலேயே செத்துப்போகுது. செத்த தவளையை வச்சு ஒரு நல்ல பையன் பெயிலாயிட்டான்."

நவநீதகிருஷ்ணன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நீ தூக்கிட்டு வாரியா? ஆபீஸ்ல ஆர்டர் போட்டு வருதுன்னுல்ல நெனச்சேன்."

"பின்ன எதுக்கு சார் ஊரே என்னைத் தவளை டீச்சர்ங்குது?"

"அறுக்கிறதுனால சொல்றாகன்னு நெனச்சேன்மா."

அறை முழுக்க மெல்லுகிற சத்தம். அதற்குப் பின்னால், மைதானத்துப் பள்ளத்தில் இருந்து இன்னொரு சத்தம். மழைக்குக் கிளம்பிய தவளைகள், எந்தத் துறையின் அனுமதியும் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

"இந்தா இருக்கு, வாசல்லேயே," என்றார் நவநீதகிருஷ்ணன் மெதுவாக. "எத்தனை நாளைக்கு இப்படிக் கத்தும்?"

"மழை இருக்கிற ரெண்டு, மூணு வாரம் சார். அது போதும் எனக்கு. மிச்ச மதியம் பூரா நீங்களே வச்சுக்கங்க. கார்த்திகை வரைக்கும் நல்ல தண்ணி கிடக்கும்ல?"

அவர் தாடையைச் சொறிந்தார். "இதைப் போன வருசமே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஏன்னு சொல்லலையே சார்."

முதல்வர் சங்கரபாண்டியன் வடையை அவசரமாக ஒதுக்கிக்கொண்டு, தெளிவில்லாத உச்சரிப்பில், "ஆட்சேபணை உண்டா?" என்றார். அத்தனை தலையும் அசைந்தது. இல்லை என்றா, வடை நன்றாக இருக்கிறது என்றா, தெரியாது. ஏகமனதாக நிறைவேறியது.

ஆனால் புதுத் திட்டம் அடுத்த ஜூனில் இருந்துதான். நடுவில் ஒரு பங்குனி பாக்கி இருந்தது. போன வருஷம் பரீட்சைப் பக்கமே வராமல் இருந்துவிட்ட சக்திகுமார் மறுபடி எழுதப்போவதும் அதில்தான். வெங்கடலட்சுமி கடைசியாக ஒரு தடவை சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் விருதுநகர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது அவள் பாட்டில் காலி. சாக்கும் துள்ளுவதை நிறுத்தியிருந்தது.

நிழற்குடைக்குப் பக்கத்தில் ஒரு டிவிஎஸ் பிப்டி நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர் கேன். தலையில் துண்டோடு நவநீதகிருஷ்ணன். எந்த நாள், எந்த பஸ் என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தார்.

"மல்லாங்கிணத்துத் தண்ணி," என்றார். "பழக்கம் விட்டுப்போயிரக் கூடாதுல்ல. சாக்கை இறக்கும்மா."

மடமடவென்று ஊற்றினார். ஒரு கேன் தீரும்வரை ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவதைத் திறந்தார். சாக்கின் ஒரு மூலை அசைந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒட்டுமொத்தமாகத் துள்ளல்.

மிஞ்சிய தண்ணீரை அவளிடம் நீட்டினார். "நீயும் குடி. உன்னையும் பார்த்தா அப்படித்தான் இருக்கு."

அவள் குடித்தாள். அருப்புக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, சாக்குல என்ன?"

"கீரைப்பா," என்று முந்திக்கொண்டார் வேதியியல் துறைத் தலைவர்.

பத்து நாள் கழித்து, தேர்வு மேஜையில் சக்திகுமாரின் முன்னால் இதயம் ஒழுங்காகத் துடித்தது. அவனுடையது அல்ல.