அட்டையில் கருப்பாயி பெயர்

கீரமங்கலம் சந்தையருகே பேருந்து நிற்கிறது. வாழைத்தார்களுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி மேல் நின்று, முப்பது வயதிருக்கும் பெண் ஒருவர் நடவுப்பாட்டு பாடுகிறார். ஒலிபெருக்கி இல்லை; ஆனாலும் குரல் சந்தை முழுக்கக் கேட்கிறது.

பாட்டு முடிந்ததும் பேருந்திலிருந்து இறங்கிப் போய், அவர் விற்கும் பாட்டுப் புத்தகம் ஒன்றை வாங்குகிறேன். அட்டையில் கருப்பாயி என்று பெயர்.

"நீங்கதான் கருப்பாயியா?"

"இல்லைங்க, எம் பேரு ராசாமணி. பாடுறதும் அச்சுப் போடுறதும் நானு. பாட்டுக் கட்டுனது கருப்பாயி அக்கா. இந்த ஊருல நடவு நடுறவுக."

ராசாமணி சிறு வயதில் நாடகக் கம்பெனியில் பாலபார்ட் எனும் சிறுவர் வேடங்களில் நடித்தவராம்.

"பன்னெண்டு வயசுல நான் கட்டுன பாட்டையெல்லாம் மொதலாளி அவரு பேருல அச்சுப் போட்டாருங்க. எம் புத்தகத்துல அது நடக்காது."

அந்நேரம் கீரைக்கூடையோடு கருப்பாயியே வருகிறார். புத்தகத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்.

"எம் பேரு எங்கிட்டு இருக்கு?"

ராசாமணி அட்டையைத் தொட்டுக் காட்டுகிறார். கருப்பாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு, புத்தகத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கிறார்.

"நாங் கட்டுன பாட்டு! எல்லாரும் பாத்துக்கங்க!"

ராசாமணி சிரித்தபடி அவர் கையைப் பிடித்து வண்டிமேல் ஏற்றிவிடுகிறார். கருப்பாயி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பாட்டைத் தானே பாடத் தொடங்குகிறார்.