ஒரு ஸ்டாண்டுக்கு நாலு வாரிசு

இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? மாலை போட்ட படத்தை. அதுதானே முறை?

போன ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் சிவலிங்கம் அண்ணனின் பதினாறாம் நாள் காரியம். மூன்று பேர் வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், படத்துக்கு ஒரு அவசரக் கும்பிடு போட்டார்கள்... நேராகப் பின்பக்க ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கேதான் அது நின்றது.

அது என்றால் — ஒரு கிரைண்டர் ஸ்டாண்ட்.

சிரிக்காதீர்கள். முத்திரை சேர்க்கிறவர்கள் இல்லையா? பழைய காசு சேர்க்கிறவர்கள் இல்லையா? நாங்கள் சிலர் ஸ்டாண்ட் சேர்க்கிறோம். வீட்டு வேர்க்‌ஷொப்பில் உளி தீட்டுகிற கிரைண்டர், துளை போடுகிற டிரில் எல்லாம் மேலே வைத்து முடுக்குகிற பழைய வார்ப்பிரும்புக் கால்கள். மெஷின் எரிந்து போனால் வேறு வாங்கலாம். ஸ்டாண்ட்? இப்போது கடையில் விற்பது வெறும் தகரம். சுவிட்சைப் போட்டால் மெஷினோடு சேர்ந்து தானும் நடக்க ஆரம்பித்துவிடும். பழையது அசையாது.

"மெஷினே இல்லாம இத்தனை ஸ்டாண்டு எதுக்குங்க?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி.

அண்ணனுடையது எங்கள் எல்லோருடைய ஸ்டாண்டுக்கும் ராஜா. மூடிப்போன ஒரு தேயிலை ஃபேக்டரியின் வேர்க்‌ஷொப்பில் இருந்து வந்தது. சிங்கக் கால் மாதிரி பாதம். சூடான உளியை முக்கி எடுக்கப் பக்கத்தில் ஓர் இரும்புக் கிண்ணம். லொறியில் இருந்து அதை இறக்கிய அன்று கூட இருந்தவன் நான். என் கால் கட்டைவிரல் நகம் அன்றைக்குத்தான் போனது. பால் கலக்காத பிளேன்டியை உறிஞ்சிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "தம்பி, எனக்குப் பொறகு இது ஒனக்குத்தான்."

கூடப் பிடித்து இறக்கியவர்கள் லொறியோடு போய்விட்டார்கள்; அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. வினையே அதுதான்.

காரியத்தில் சாப்பாடு முடிந்ததும் அண்ணி என்னை மட்டும் முன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டிவிட்டு, அவர் நின்றபடியே பேசினார்.

"தம்பி, கடுகண்ணாவையில கராஜ் வச்சிருக்காரே, அவரு இருக்காருல்ல? பின்னால கெடக்குற இரும்பை அவருக்குத் தர்றதா அண்ணன் சொன்னாராம். சரி, எடுத்துக்கங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள பேராதனை லெக்சரரு வந்து, இல்ல, எனக்குத்தான் தர்றேன்னாருங்கிறாரு. எங்க சித்தப்பா மகனும் அதையேதான் சொல்லுது."

நான் கதிரையின் நுனிக்கு நகர்ந்தேன்.

"அவரு அப்பிடிப்பட்ட ஆளா தம்பி? ஒரே சாமானை மூணு பேருக்குத் தர்றேன்னு சொல்லி ஏமாத்துற ஆளா?"

"சத்தியமா இல்ல அண்ணி."

"ஒங்ககிட்ட ஏதும் சொன்னாரா?"

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், ஒன்று நான் நாலாவது பொய்யன். இல்லாவிட்டால் அண்ணன் நாலு பேருக்கு நாமம் போட்டவர். எதை நம்பினாலும் அந்த மனுஷிக்கு நிம்மதி கிடையாது.

"என்கிட்ட ஒன்னும் சொல்லல அண்ணி."

அவர் முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் மனுசனுக்காக வந்தவரு," என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் அந்த ஸ்டாண்டை நினைத்துக்கொண்டுதானே பஸ் ஏறினேன்?

"அப்ப யாருக்கும் வேணாம். வாசல்ல போட்டு அதுமேல அந்தூரியம் சட்டி வைக்கப் போறேன். கொஞ்சம் கொண்டாந்து குடுங்க தம்பி."

தனி ஆள் தூக்குகிற பாரமா அது? மற்ற மூவரையும் கூப்பிட்டேன். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வீட்டைச் சுற்றி, எங்கேயும் இடிபடாமல் வாசலுக்குக் கொண்டு வந்தோம். அதே வாசலால்தான் அண்ணனையும் தூக்கிப் போனோம். அன்றைக்கு இவ்வளவு கவனமாகப் பிடித்தோமா என்று ஞாபகமில்லை.

அண்ணி மேலே பூச்சட்டியை வைத்தார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். குருவி குடிக்குமாம். "மழை பட்டா துருப் பிடிச்சிருமே..." என்று லெக்சரர் முனகினார். ஆள் போனதற்குக்கூட அவர் அப்படி முனகி நான் கேட்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் கராஜ்காரர் என் தோளைத் தொட்டார்.

"ஒங்ககிட்டயும் சொன்னாருதானே?"

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"பிளேன்டி குடிச்சிக்கிட்டு இருந்தோம். எனக்குப் பொறகு ஒனக்குத்தான்னாரு. என்கிட்ட மட்டும்தான் சொல்றாருன்னு நெனச்சேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இத்தனை வருடப் பழக்கத்தில், அந்த ஒரு வார்த்தைதான் எனக்கே எனக்கென்று அண்ணன் தந்தது என்று நினைத்திருந்தேன். அதையும் பிளேன்டியோடு சேர்த்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்திருக்கிறாரா மனுஷன்? யாரிடம் போய்க் கேட்பது?

ஸ்டாண்ட் போனால் போகட்டும். அந்த மூன்று பேரும் பச்சைப் பொய்யர்களாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போது தினமும் சாமி கும்பிடுகிறேன்.