மேற்கு அறைக்குச் செம்மண் கலர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆனால் அந்த வருஷம் என் நாத்தனார் மேல் வந்த கோபத்துக்குக் காரணம், அவள் எதையும் தன்னிஷ்டத்துக்குச் செய்யாததுதான்.

கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் உத்தமபாளையம் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு. நான்தான் பிறகு வந்தவள். இருந்தும் ஃபேன் போடுவதற்குக்கூட என்னைக் கேட்பாள். "மதினி, இந்த டம்ளர எடுத்துக்கிறட்டுமா?" "மதினி, சீப்ப இங்கன வச்சுக்கிறட்டுமா?" கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏத்தா, நான் என்ன ஹாஸ்டல் வார்டனா?" என்று கத்தினால், "தப்பா நெனைக்காதீக மதினி" என்று அதற்கும் தலை குனிவாள்.

உர மூட்டை அடுக்கியிருந்த மேற்கு அறையை அவளுக்கென்று ஒழித்தேன். சுவரில் பழைய நீல டிஸ்டம்பர் பொரிந்து கிடந்தது. கம்பம் டவுனில் ஒரு கடைக்குக் கலர் கலக்கும் மிஷின் வந்த புதுசு. அங்கிருந்து ஷேடு கார்டு வாங்கி வந்து அவள் மடியில் போட்டேன்.

"உன் ரூமு. நீயே பாத்து எடு."

"உங்களுக்குப் புடிச்சத அடிங்க மதினி."

"அப்ப நான்ல அங்கன படுக்கணும்?"

வெகுநேரம் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஆரஞ்சுதான், ஆனால் கண்ணில் அடிக்கிற ஆரஞ்சு இல்லை. செம்மண்ணில் கொஞ்சம் மஞ்சள் குழைத்த மாதிரி. "இது நல்லாருக்கு" என்றவள் உடனே பயந்துபோய், "வேற எதுன்னாலும் சரிதான்" என்றாள். நான் கார்டைப் பிடுங்கிக்கொண்டேன். மறுநாளே டப்பா வந்துவிட்டது.

ஆடி மாதச் சாரலில் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? நான் அடிக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் முதல் கோட் காயவே இல்லை. ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. "என்னக்கா, செங்கச் சூளைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றார் பெயிண்டர். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மேல வெள்ளைய அடிச்சு மூடுங்க" என்றேன்.

"இருக்கட்டும் மதினி. காயட்டும், பெறகு பாப்போம்" என்றாள் அவள், வாசலில் நின்றபடி. வந்த நாளிலிருந்து அவள் என்னை மறுத்துப் பேசியது அன்றுதான். நான் அடங்கிப்போனேன்.

இரண்டு நாள் வெயில் எட்டிப் பார்த்ததும் சுவர் தெளிந்தது. கார்டில் பார்த்த அதே நிறம். சாயங்கால வெளிச்சம் பட்டபோது அறையே கதகதப்பாக இருந்தது. ஜன்னலுக்கு அடிக்க, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை எடுத்து வைத்திருந்தேன்.

"பச்சை வேணாம் மதினி. மேல மச்சு வெள்ளை, சொவரு ஆரஞ்சு, ஜன்னல் பச்சைன்னா, கொடியேத்தி மிட்டாய் குடுக்க வேண்டியதுதான்."

பெயிண்டர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் வாயில் கேலி வந்ததே பெரிய சந்தோஷம். மற்ற மூன்று சுவருக்கும் ஆடை படிந்த பாலின் நிறம், ஜன்னலுக்குக் காபிக்கொட்டை நிறம் என்று அவளே சொன்னாள். அப்படியே அடித்தோம். செம்மண் கலர் கண்ணை உறுத்தாமல் அதனிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலை முடிந்த அன்றே வீட்டில் உத்தரவு போட்டேன்: "அந்தச் சொவத்துல யாராச்சும் ஆணி அடிச்சா கைய ஒடிச்சுப்புடுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது மேற்கு அறையில் டொக் டொக்கென்று சத்தம். கரண்டியோடு ஓடினேன். ஸ்டூல் மேல் நின்று, செம்மண் சுவரின் நட்டநடுவில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடி. அடித்த இடத்தில் சுவர்ப் பூச்சு பெயர்ந்து காசளவுக்கு விழுந்திருந்தது.

கத்த வாயெடுத்தேன். கரண்டியைத் தாழ்த்திக்கொண்டேன்.

"கோணலா இருக்குத்தா" என்றேன்.

"எல்லாம் நேராத்தான் இருக்கு" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "அங்கன கொழம்பு அடிப்புடிக்குது. போய்ப் பாருங்க மதினி."