கத்தாரில் தோற்ற ஆட்டம்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வாதம் சூடாக நடக்கிறது. கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக் கால்பந்தில் இந்தியா ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறிவிட்டது. கோச்சை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். ஓடவே தெம்பில்லை என்கிறார் இன்னொருவர். கத்தாரில் வேலை பார்த்து லீவில் வந்திருக்கும் ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

“நீங்க மேட்ச் பாத்தீங்களா?” என்று அவரிடம் கேட்கிறேன்.

“சிரியா மேட்சுக்கு நேர்லயே போனேங்க. எங்க சூப்பர்வைசர் சிரியாக்காரரு. அவங்க ஜெயிச்சதும் எம் பக்கத்துல நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதாரு. எனக்கு ஆத்திரம், மறுநா முகங்கொடுத்துப் பேசல. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, சண்டையில அவரு ஊரே இடிஞ்சு கெடக்காம்.”

டம்ளரைக் கீழே வைக்கிறார்.

“தோத்தாலும் நான் இங்க வந்து ஒக்காந்து திட்டலாம். ஜெயிச்ச சேதியச் சொல்ல அவரு எங்கிட்டுங்க போவாரு?”