கம்பெனி கொடுத்த எடை மிஷின்

பள்ளிக்கூடத்தில் எடை போட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, கண் இமையை இழுத்துப் பார்த்தால், அது கார் கம்பெனிக்கு ஆள் எடுப்பது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் தின்று நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் அப்போது நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் போன மாதம் நெல் நின்ற இடத்தில் இந்த மாதம் சுற்றுச்சுவர் நிற்கும். யாருக்கு எப்போது எப்படி வேலை கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று ஒருவன் நீலச் சட்டையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான். அவ்வளவுதான், மறுநாளே பெண் கொடுக்க ஆள் வந்துவிடும்.

நான் பத்தாவது. கணக்கில் நான் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்து அப்பா முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். "பரீட்சைல போச்சுன்னா வாலாஜாபாத்ல உங்க மாமா பஞ்சர் கடை கீது. போயி டியூப்ப தண்ணில முக்கிகினு கெட." எனக்கோ அந்த நீலச் சட்டை வேண்டும். தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும்போது ஒரு கம்பெனி கேட்டைக் கடப்பேன். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கேட் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் சிவப்பாக ஏதோ தீற்றியிருக்கும். 'ஆட்கள் தேவை' என்று நானே முடிவு கட்டியிருந்தேன். கம்பெனி வாசலில் வேறென்ன எழுதுவார்கள்?

ஒருநாள் பிரேயரில் பி.டி. சார் அறிவித்தார். "வியாழக்கெழம ஹெல்த் செக்கப். எல்லாரும் நகம் வெட்டிட்டு வரணும். தலையில எண்ணெய ஊத்திகினு வந்து டாக்டர் கைய வழுக்க வெக்காதீங்கடா."

இது வருஷா வருஷம் நடப்பதுதான். சொறிக்கு ஒரு களிம்பு, சொத்தைப் பல்லுக்கு ஒரு திட்டு என்று முடியும். ஆனால் இந்த முறை அன்று மத்தியானமே ஒரு கம்பெனி ஜீப் பள்ளிக்குள் வந்தது. அதிலிருந்து ஆளுயர எடை மிஷின் ஒன்றை இறக்கினார்கள். நெற்றியில் கம்பெனி முத்திரை ஒட்டிய புத்தம்புது மிஷின். கம்பெனியின் அன்பளிப்பாம்.

பக்கத்தில் உட்காரும் என் கூட்டாளி என் காதைக் கடித்தான். "கம்பெனிக்காரன் சும்மா குடுப்பானாடா? ஆள் எடுக்கறான்."

"அத ஏன் சொல்லாம எடுக்கறான்?"

"சொன்னா ஊரே வந்து நிக்கும்ல, லூசு?"

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன்கள் சிலர் வாடகைக்கு இருந்தார்கள். ஒருவர் ஷிப்டுக்குப் போனால் அதே பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். அதில் ஒரு அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் பல் துலக்கிக்கொண்டே ஊர்ஜிதம் செய்துவிட்டார்.

"ஆமால, என்னையும் இப்படித்தான் எடை போட்டு, கண்ணப் பாத்து, நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்து எடுத்தாவ. எடை கொறஞ்சா கழிச்சிருவாவ பாத்துக்க. நீ இருக்க இருப்புக்கு, ஒரு காத்தடிச்சா செம்பரம்பாக்கம் ஏரிலல்லா போயி விழுவ! வாழப்பழம் தின்னுட்டு மேல தண்ணியக் குடி."

"எவ்ளோண்ணா?"

"வயிறு போதும்னு சொல்லும்லா? அதுக்கு மேல ரெண்டு."

வியாழக்கிழமை காலை என் வயிறு போதும் என்று கெஞ்சியது. நான் கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு, சைக்கிளை மிதித்தால் உள்ளே ஏதோ கிணறு குலுங்குகிற சத்தம். வரிசையில் நிற்கும்போது கூட்டாளியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் என்ன தின்றான் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன தின்றேன் என்று அவனும் கேட்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் நட்பாவது ஒன்றாவது.

மிஷினில் ஏறினேன். முள் ஆடி ஆடி, நாற்பதைத் தாண்டி நின்றது! நாற்பதை நான் அதுவரை தொட்டதில்லை. நர்ஸம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாடா, வயிறு மட்டும் தனியா வந்துகீது?"

அடுத்தது கண். வகுப்பின் அந்தக் கோடியில் எழுத்து அட்டை தொங்கியது. எனக்கு முன்னால் போன கூட்டாளி ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை திருக்குறள் ஒப்பிப்பதுபோல் வாசித்துத் தள்ளினான். என் முறை. மேலே பெரிதாக இருந்த 'ப'வைக் கம்பீரமாகச் சொன்னேன். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. கண் தெரியவில்லை என்றால் கழித்துவிடுவார்களே! சரி, வாய் இருக்கிறதே என்று அடித்துவிட்டேன். "க, ட, ம, ர, ல..."

"நிறுத்து நிறுத்து," என்றார் நர்ஸம்மா. "நீயே ஒரு அட்ட எழுதிகினு வந்துகிறியா?"

டாக்டரம்மா இமையை இழுத்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றில் விரலால் தட்டினார். பானையில் தட்டின சத்தம் வந்தது. "காலைல என்ன சாப்பிட்ட?"

"வாழைப்பழம் மேடம்."

"எத்தன?"

"சீப்பு மேடம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். "ஓரமா நில்லு."

போச்சு. ஓரமாக நின்றேன். என் எதிர்காலம் மாமா கடைத் தொட்டியில் குமிழி குமிழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காதில் சீழ் வடிகிறவன், இளைப்புக்காரன், பல்வலியில் கன்னம் வீங்கியவன். கழிக்கப்பட்டவர்களின் மாநாடு.

அப்போதுதான் பி.டி. சார் குரல் கொடுத்தார். "ஓரமா நின்னவன்லாம் ஜீப்ல ஏறு!"

கம்பெனி ஜீப்பில்!

எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் கழிக்கப்பட்டவர்கள் அல்ல, எடுக்கப்பட்டவர்கள்! யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. மிஷின் இரைச்சலில் வேலை செய்யக் காது மந்தமானவன்தானே சரி? இளைப்புக்காரன் நெஞ்சில் ஏற்கெனவே ஒரு மோட்டார் ஓடுகிறது. கன்னம் வீங்கியவனுக்கு அப்படியே சூப்பர்வைசர் முகம். எனக்கு நாற்பது கிலோ. கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான், எப்படிப் பொறுக்கி எடுத்திருக்கிறான்!

இதே கணக்கு கூட்டாளிக்கும் ஓடியிருக்க வேண்டும். அவன் சார் காலைச் சுற்றினான். "சார், என்னையும் ஏத்துங்க சார்."

"உனக்கு ஒண்ணும் இல்லடா. கல்லு மாரி கீற."

"கீது சார். இருமல் கீது சார்." இருமிக் காட்டினான். "கால் வலி கூட கீது சார். பயங்கரமா."

"உன் வாய்க்குத்தாண்டா மருந்து இல்ல. கிளாஸுக்குப் போ."

அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் ஜீப்பின் பின்பக்கம் நின்றபடி, ஜெயித்த எம்.எல்.ஏ.வைப்போல் அவனுக்குக் கையசைத்தேன்.

ஜீப் பறந்தது. தூரத்தில் கேட்டின் வெள்ளைப் பலகை தெரிந்ததும் எச்சில் தொட்டுத் தலைமுடியைப் படிய வைத்தேன், சட்டையை உள்ளே செருகினேன். ஜீப் வேகம் குறைந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். ஒரு மாடு சாலையைக் கடந்தது. ஜீப் மறுபடி வேகம் பிடித்தது.

"அண்ணே! கம்பெனி போயிடுச்சுண்ணே!"

டிரைவர் திரும்பவில்லை. "அது எங்கடா போவும்? அங்கியேதான் கீது."

"நம்ம எறங்க வேணாமா?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போறவன் கம்பெனில எறங்கி இன்னா பண்ணுவ? பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கு ஒருநாள் வண்டி குடுத்துக்கிறாங்க. காதுக்கு ஒருத்தன், நெஞ்சுக்கு ஒருத்தன், பல்லுக்கு ஒருத்தன், கண்ணுக்கு ஒருத்தன். நீ எதுக்கு?"

வாழைப்பழம் அந்த நொடியில்தான் தன் முடிவை எடுத்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ஏற்றிய எடை அத்தனையையும் சாலையோரத்தில் இறக்கி வைத்தேன். இளைப்புக்காரன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவனுக்கு இளைத்தது, எனக்கும் இளைத்தது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் மூக்கின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, சில்லு சில்லாகக் கண்ணாடியைப் போட்டுப் போட்டு எடுத்தார். "இவ்வளவு நாள் கரும்பலகைய எப்படிப் படிச்ச?" என்று கேட்டார். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன் என்றேன். சிரிக்கவில்லை அவர்.

சில வாரம் கழித்து இலவசக் கண்ணாடி வந்தது. பிரேம் எருமைக் கொம்பு கனம். பி.டி. சார் பிரேயரில் வைத்தே மாட்டிவிட்டார். "சோடாபுட்டி!" என்று முதல் குரல் கொடுத்தவன் கூட்டாளிதான். எனக்குக் காதில் விழவே இல்லை. வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன! கணக்கு சாருக்கு மீசையில் நரை இருந்தது! கரும்பலகையில் கூட்டலும் வகுத்தலும் வேறு வேறாக இருந்தன. இத்தனை நாளும் சார் எதைக் கூட்டச் சொன்னாரோ, எதை வகுக்கச் சொன்னாரோ!

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது கேட் எதிரே சைக்கிளை நிறுத்தினேன். வெள்ளைப் பலகையின் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றும் கண்ணில் குத்தின.

'வேலை காலி இல்லை.'

அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து கம்பெனி ஒருவரையும் எடுக்கவில்லை. நான் கணக்கில் தேறினேன்.