பெஞ்சை விட்டு எழாத தாய்மாமன்

அந்த ஆட்டக்காரரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் குலசாமி பெயரைவிட அதிகம் சொல்லித் தேய்ந்த பெயர் அது. நானும் ஒருதடவை சொல்லி அதற்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. பெரிய ஆட்டக்காரர்தான், யார் இல்லையென்றார்கள்? மட்டையைப் பிடித்தார், அடித்தார், கை நிறையச் சம்பாதித்தார். என் வயிற்றெரிச்சல் எல்லாம் என் அண்ணன் மீதுதான்.

அண்ணனுக்குச் சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. அந்த மனிதர் எந்த நாட்டு மண்ணில் எத்தனை நூறு அடித்தார், ஒரு நாள் ஆட்டத்தில் என்ன சராசரி, டெஸ்டில் என்ன சராசரி, எத்தனை தடவை தொண்ணூறைத் தாண்டி நூறைத் தவறவிட்டார் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக்கூட விடமாட்டான். சொந்த மகன் எத்தனாம் வகுப்பு என்று கேட்டால் மட்டும் மதினி முகத்தைப் பார்ப்பான். எதிராளி யாராவது அந்த ஆட்டக்காரரை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், எங்கள் அப்பாவைத் திட்டியதுபோல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நிஜமாகவே அப்பாவை ஒருவன் திட்டியபோது, "விடு தாயி, பெரிய மனுசன், ஏதோ கோவத்துல பேசிட்டாரு" என்றவன் இவன்தான்.

இதிலே ஒரு சட்டம் வேறு. அவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது. உட்கார்ந்தவன் உட்கார்ந்த இடத்தில், நின்றவன் நின்ற இடத்தில். எழுந்தால் அவர் அவுட் ஆகிவிடுவாராம். எங்கேயோ கடல் தாண்டி நிற்கிற மனிதரின் விக்கெட், மதுரையில் இவன் பின்புறத்துக்கு அடியில் இருக்கிறதாம்! சிறு வயதில் நான் ஈரத் தலையோடு வாசற்படியில் சிலை மாதிரி நின்ற நாட்கள் உண்டு. அப்பாவும் சேர்ந்துகொண்டு, "அசையாத தாயி" என்பார். விளங்காத கூட்டம்.

எனக்குக் கல்யாணம் ஆனது பேரையூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மாமியார் நல்லவர்தான், ஆனால் எந்தப் பேச்சு எடுத்தாலும், "அவளுக்குப் பொறந்த வீட்டுல ஆளில்லைல்ல" என்று முடிப்பார். அண்ணன் ஒருத்தன் இருக்கிறானே என்றால் உதட்டைப் பிதுக்குவார். என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தபோது, இந்த ஒரு நாள் அவன் சீரோடு வந்து பிள்ளையை மடியில் வைத்துவிட்டால் போதும், அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

முதல் அடி ஃப்ளெக்ஸில் விழுந்தது. தாய்மாமன் வரவேற்கிறார் என்று கோயிலுக்குப் போகும் வழியில் அண்ணன் வைத்த போர்டில், என் மகள் படம் ஒரு மூலையில் பொட்டு அளவு. நடுவில் மட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த ஆட்டக்காரர், ஆளுயரத்துக்கு. கீழே அவருடைய சாதனைகள் வரிசையாக. மாமியார் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது யாரு, உங்க சித்தப்பாவா?" என்றார்.

அன்றைக்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டம். நமக்குப் பொழுது விடியும்போதே அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டாமல் போயிற்று. குலசாமி கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் கரைகிறது, சீர் வண்டியைக் காணவில்லை. மாமியாரிடம் வண்டி பஞ்சர் என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி மதினிக்குப் போன் போட்டேன்.

"பேரையூருக்கு ரோடு பிரியிற விலக்குலதான் நிக்கிறோம். டீ குடிக்க எறங்குனாரு. கடையில டிவி ஓடுது. இவரு பெஞ்சுல உக்காந்த நேரம் அந்தாளு ஒரு சிக்ஸர் அடிச்சிட்டான். அம்புட்டுத்தான், எந்திரிக்க மாட்டேங்கிறாரு. தட்டு தாம்பாளமெல்லாம் வண்டிக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கு" என்றார் மதினி. அழுதுவிடுவார் போலிருந்தது.

"போனை அவன்ட்ட குடுங்க மதினி."

அண்ணன் கோயில் கருவறையில் பேசுவதுபோலக் கிசுகிசுத்தான். "இன்னும் பத்து ரன்னுதான் தாயி. இது மட்டும் வந்துச்சுன்னா உலக சாதனை. ஒரே ஓவர். நான் எந்திரிச்சா காரியம் கெட்டுரும்."

"அண்ணே, நீ ஒருத்தன் இருக்கன்னே அவருக்குத் தெரியாது. இங்க உன் மருமக மொட்டத் தலையோட உக்காந்திருக்கா. நீ வரலைன்னா நான் இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது. எந்திரிச்சு வா!"

"கத்தாத, பவுலர் ஓடி வாரான்..."

அதற்கு மேல் அவன் குரல் இல்லை. கடையே சேர்ந்து 'ஐயோ' என்றது மட்டும் கேட்டது. முடிந்தது கதை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது.

நல்ல நேரம் முடியச் சற்று முன்னால் வண்டி வந்து சேர்ந்தது. மேளம் கொட்டினார்கள், தட்டுகள் இறங்கின. அண்ணன் யாரையும் பார்க்காமல் நேராக வந்து மணையில் உட்கார்ந்தான். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார், பிள்ளை வீறிட்டது. அண்ணனுக்கும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மாமியாரின் தங்கச்சி, "ஆத்தாடி, தாய்மாமன் பாசத்தைப் பாருங்கடி!" என்று மூக்கைச் சிந்தினார். மாமியாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஆளில்லன்னு இனி எவளும் சொல்லக்கூடாது தாயி. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை அது! நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிள்ளையை வாங்கக் குனிந்தபோது, அண்ணன் என் காதோரம் வாயை வைத்தான். மூச்சு இன்னும் விம்மிக்கொண்டிருந்தது.

"நீ மட்டும் போன் பண்ணலைன்னா அடிச்சிருப்பாருடி. உன்ட்ட பேசத்தான் நான் அசைஞ்சேன்."

அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணன் என்னம்மா சொல்றாக?"

"பிள்ளைக்கு ரொம்ப வலிச்சிருக்குமேன்னு கேக்குறாரு அத்தை" என்றேன்.