பதிலுக்குக் காத்திருந்தவர்

மதகடிப்பட்டில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார், கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர். மடியில் ஒன்றரை வயது மகள். ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்டி, "அங்க இன்னா நிக்குது?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்திருப்பார். மாடு போய், கரும்புத் தோட்டமும் போய்விடும். அவர் காத்திருப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாடுன்னு சொல்லிக் குடுங்களேன்" என்றேன்.

"தெனம் சொல்றேன் சார். நானே பேசிக்கினு இருந்தா அவ எப்ப பேசறது?"

கண்டக்டர் வந்து, "எங்கப்பா எறங்கணும்?" என்றார். அவர் குனிந்து மகளைக் கேட்டார். "நாம எங்கடி போறோம்?"

கண்டக்டரும் டிக்கெட் கிழிக்காமல் நின்றார்.

"ம்மா" என்றாள்.

"ஆமா, அம்மாகிட்ட போறோம். வில்லியனூர் ஒண்ணு."

வில்லியனூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்லக்கூடும்.